அம்மாவின் உரப்பைக்குள் இருந்து வந்த அப்பலோ 13

எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஓர் உரப்பை இருக்கிறது. கழுவிக் காயவைத்த சோடாப் போத்தல்கள், மூடிகள், பால்மாப் பைக்கெற்றுகள், யோகட் கப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த ஷொப்பிங் பைகள் எல்லாம் அதற்குள். நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதை எறியச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: “போத்தல் ஒண்டு இல்லாமல் தண்ணிக்கு நிண்ட ஆக்களுக்குத்தான் அதின்ர அருமை தெரியும்.”

அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், பிறகு மெனிக் பாம் முகாமின் தண்ணீர் வரிசையிலும் அவரோடு நின்றவள் நான். ஒரு ரின் சமைக்கும் பாத்திரமாகவும், ஒரு ஷொப்பிங் பை பிறப்புச் சான்றிதழ்களைக் காக்கும் பெட்டகமாகவும் இருந்த நாட்கள் அவை.

இரண்டு மாதங்களுக்கு முன் என் பெறாமகன், தரம் 7 இல் படிக்கிறவன், பாடசாலைக் கண்காட்சிக்கு “கழிவுப் பொருட்களில் ஒரு மாதிரி உரு” செய்ய வேண்டும் என்று வந்து நின்றான்.

“சித்தி, நான் ஸ்பேஸ் ஷிப் செய்யப் போறன்.”

சாமான் எங்கே என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே பார்த்தோம்.

இந்தக் கட்டுரை அந்த விண்கலத்தை எப்படிச் செய்தோம் என்பதைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே செய்து பார்க்கலாம். செலவு என்று பார்த்தால் செலோரேப் ஒன்றும் ஒரு பிடி கோதுமை மாவும்தான்.

முதலில் ஒரு விதி

செய்முறைக்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெற்கில் இதே கட்டுரையை எழுதினால் இந்தப் பந்தி தேவைப்படாது. எங்கள் இடங்களில் கட்டாயம் தேவை.

பொருட்களை வீட்டுக்குள் இருந்து மட்டும் எடுங்கள். காணி, பற்றை, குளக்கரை, பழைய இரும்புக் குவியல் ஆகிய இடங்களில் இருந்து எதையும் பிள்ளைகள் பொறுக்கக் கூடாது. ரொக்கெட் செய்ய வெளிக்கிடும் பிள்ளையின் கண்ணுக்கு, மண்ணில் பாதி புதைந்த ஓர் உலோகக் குழாய் சரியான வடிவமாகத்தான் தெரியும். பயமே அதுதான். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்பும் வடக்கின் சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி முடியவில்லை. கறள் பிடித்துவிட்டால் வெடிக்காது என்பது பொய். அப்படி எதையாவது கண்டால் தொடாமல், மற்றவர்களையும் கிட்டப் போகவிடாமல், 119 இற்கு அறிவியுங்கள்.

வாசனைத் திரவியம், பூச்சி மருந்து போன்றவை வரும் அமுக்கிய தகர ரின்களும் வேண்டாம். வெட்டினாலோ சூடாக்கினாலோ அவையும் வெடிக்கும்.

ஏன் அப்பலோ 13?

பெறாமகனின் மனதில் இருந்தது படங்களில் வரும் விண்கலம். இறக்கை, துப்பாக்கி, சிவப்பு வெளிச்சம். “உண்மையில் பறந்த ஒன்றைச் செய்வோம், கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம்” என்று நான் சொன்னேன். உண்மையில் பறந்தவற்றுள் குப்பைப் பொருட்களுக்கு ஆகப் பொருத்தமான கதை அப்பலோ 13 இனுடையது.

1970 ஏப்ரல் 11 ஆம் திகதி ஜிம் லோவெல், ஜாக் ஸ்வைகர்ட், பிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவரும் சந்திரனுக்குப் புறப்பட்டார்கள். இரண்டு நாட்கள் கடந்து, பூமியில் இருந்து ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில், விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கிகளில் ஒன்று வெடித்தது. சந்திரனில் இறங்கும் திட்டம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. அதன் பிறகு உயிரோடு திரும்புவது மட்டும்தான் வேலை.

அந்தக் கலத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. கூம்பு வடிவான கட்டளைக் கலத்தில்தான் மூவரும் பயணித்தார்கள். அதன் பின்னால் ஒட்டியிருந்த உருளை சேவைக் கலம். பிரதான இயந்திரம், ஒட்சிசன், மின்சாரம் எல்லாம் அதற்குள். முன்னால் கொளுவியிருந்தது சந்திரனில் இறங்குவதற்கான இறங்குகலம். அதற்கு ‘அக்குவாரியஸ்’ என்று பெயர். வெடித்தது சேவைக் கலத்தில். மூவரும் இறங்குகலத்துக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு பேர், ஏறத்தாழ 45 மணித்தியாலங்கள் இருப்பதற்காகக் கட்டிய சின்னக் கூடு அது. அதற்குள் மூன்று பேர் ஏறத்தாழ நான்கு நாட்கள் இருக்க வேண்டி வந்தது.

மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கருவிகளை அணைத்தார்கள். குளிர் ஏறியது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை அளவு.

நான் இதை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவும் சத்தம் நின்றது.

“பங்கருக்குள்ள இருந்த மாதிரித்தான்” என்றார்.

அளவுத்திட்டம்: 43 இல் ஒன்று

நல்ல மாதிரி உருவுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் உள்ள வித்தியாசம் அளவுத்திட்டம். எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். எந்த விகிதம் என்பதை எங்களிடம் இருந்த போத்தலே தீர்மானித்தது.

1.5 லீற்றர் சோடாப் போத்தலின் விட்டம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். உண்மையான சேவைக் கலத்தின் விட்டம் 3.9 மீற்றர், அதாவது 390 சென்ரிமீற்றர். 390 ஐ 9 ஆல் பிரித்தால் 43. ஆகவே எங்கள் அளவுத்திட்டம் 43 இல் ஒன்று. இனி எந்த உண்மையான அளவையும் 43 ஆல் பிரித்தால் போதும்.

கட்டளைக் கலமும் சேவைக் கலமும் சேர்ந்த நீளம் 11 மீற்றர். எங்களுக்கு 26 சென்ரிமீற்றர். இறங்குகலத்தின் உயரம் 7 மீற்றர். எங்களுக்கு 16 சென்ரிமீற்றர். விரித்த கால்களுக்கு இடையிலான அகலம் 9.4 மீற்றர், எங்களுக்கு 22 சென்ரிமீற்றர். இவற்றை ஏற்றிச் சென்ற சற்றேன் 5 ரொக்கெட்டின் உயரம் 110 மீற்றர். அதையும் செய்தால் இரண்டரை மீற்றருக்கு மேல் வரும். எங்கள் வீட்டுத்திட்ட வீட்டுக்குள் அதை நிமிர்த்தி வைப்பது கஷ்டம்.

“அப்ப சந்திரனை எவ்வளவு தூரத்தில வைக்கவேணும் சித்தி?”

நல்ல கேள்வி. பூமியில் இருந்து சந்திரனுக்குச் சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர். 43 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 8,900 கிலோமீற்றர். கொழும்பில் இருந்து இலண்டன் வரை உள்ள தூரத்தை விடச் சற்றுக் கூட.

“மாமா இருக்கிற இடத்துக்கும் அங்கால” என்றான். அவன் பிறந்ததில் இருந்து மாமாவைத் தொலைபேசித் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

தேவையான பொருட்கள்

1.5 லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று, மூடியோடு. உடல் நெளிவில்லாமல் நேராக இருக்க வேண்டும். பால்மாப் பைக்கெற்றுகள் மூன்று. உட்புறம் வெள்ளி நிறமாக இருக்கும். யோகட் கப் ஒன்று. சவர்க்காரப் பெட்டிகள் மூன்று. பழைய கொப்பி மட்டைகள். பொன்னிற ரொபித் தாள்கள், கிடைக்குமளவு. பாணி மருந்து அளக்கும் சின்னக் கிண்ணம். சிறிய மருந்துப் போத்தல் மூடிகள் நான்கு. வெறும் குளிசை மட்டைகள். விளக்குமாற்று ஈர்க்கு. போளை ஒன்று. பழைய பத்திரிகை.

ஒட்டுவதற்கு மாப்பசை. ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவினால் கண்ணாடி போல வரும். பட்டம் கட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கடதாசிக்கும் மட்டைக்கும் இது நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்ரிக்குக்குப் பிடிக்காது, அதற்குச் செலோரேப். கடையில் வாங்கும் கடுமையான பசையை யோகட் கப்பில் பூச வேண்டாம். அதில் உள்ள கரைப்பான் கப்பையே கரைத்துவிடும். றெஜிபோமுக்கும் இதே கதிதான்.

சேவைக் கலம்

போத்தலை மூன்றாக வெட்ட வேண்டும். கழுத்தோடு உள்ள மேற்பகுதி, நடுவில் 12 சென்ரிமீற்றர் உருளை, அடிப்பகுதி. வெட்டுக்கோடு நேராக வர, கடதாசிப் பட்டி ஒன்றைப் போத்தலைச் சுற்றி வரிந்து, அதன் விளிம்பைப் பிடித்துப் பேனையால் கோடு இழுங்கள். முதல் துளையைப் பெரியவர் கத்தியால் போட்டுக் கொடுக்க வேண்டும். மிச்சத்தைப் பிள்ளை கத்தரிக்கோலால் வெட்டலாம். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதைச் செலோரேப்பால் மடித்து ஒட்டிவிடுங்கள்.

அம்மாவிடம் போத்தல் கேட்டபோது முதலில் ஒன்றைத் தூக்கி ஒளித்துவைத்தார். “இதை வெட்டேலாது.” ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேறொன்றைத் தந்தார்.

உருளையின் மேல், பால்மாப் பைக்கெற்றின் வெள்ளிப்புறம் வெளியே தெரியச் சுற்றுங்கள். நீளம் 28.3 சென்ரிமீற்றர் வேண்டும். விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வருகிற கணக்குத்தான். பின்பக்கத்தில் யோகட் கப்பின் வாய் வெளியே பார்க்க ஒட்டினால் அது பிரதான இயந்திரத்தின் முனைக்குழல். குழல் ஏன் மணி போல விரிகிறது என்று பிள்ளை கேட்கும். உள்ளே எரிந்து பெருகும் வாயு விரிந்துகொண்டே பின்னால் வேகமாகப் போகிறது. அது பின்னால் தள்ளத் தள்ளக் கலம் முன்னால் போகிறது. பலூனை ஊதிக் கட்டாமல் விட்டுக் காட்டினால் விளங்கும்.

உருளையின் நான்கு பக்கங்களிலும் குளிசை மட்டையில் இருந்து நந்நான்கு குழிகளை வெட்டி ஒட்டுங்கள். கலத்தைத் திருப்பும் சின்ன உந்துகருவிகள் அவை. உண்மையிலும் நான்கு தொகுதிகளாக 16 இருந்தன. அம்மாவின் பிறஷர் குளிசை மட்டைகளுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கட்டளைக் கலம்

கூம்புதான் பிள்ளைகள் பிழைவிடும் இடம். முக்கோணம் வெட்டிச் சுற்றினால் கூம்பு வராது. வட்டத்தின் ஒரு துண்டு வேண்டும். கொப்பி மட்டையில் 8.3 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் கீறி, அதில் 196 பாகை அளவுத் துண்டை எடுங்கள். அரைவட்டத்தை விடச் சற்றுப் பெரிது. ஒட்டுவதற்கு ஒரு சென்ரிமீற்றர் கூட விடுங்கள். அதே மையத்தில் இருந்து 2.5 சென்ரிமீற்றர் ஆரையில் இன்னொரு வில் கீறி அந்த நுனியை வெட்டிவிடுங்கள். இப்போது சுற்றினால், அடி 9 சென்ரிமீற்றர் அகலமும் உச்சியில் ஒரு வட்டத் துளையும் உள்ள கூம்பு வரும். அந்தத் துளைக்குள் போத்தலின் கழுத்தை உள்ளிருந்து மேலே தள்ளி, புரி வெளியே தெரியச் செலோரேப்பால் இறுக்குங்கள். கழுத்தைச் சுற்றியுள்ள தோள்பகுதியை முன்னரே சின்னதாக வெட்டிவிட வேண்டும்.

அடியில் ஒரு வட்ட மட்டை. அதுதான் வெப்பக் கவசம். சந்திரனில் இருந்து திரும்பும் கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. முன்னால் உள்ள காற்று அமுங்கி, வெப்பம் 2,500 பாகை செல்சியசையும் தாண்டும். கவசம் மெல்ல மெல்லக் கருகி உதிர்ந்து, வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோய்விடும். கூரான பக்கம் முன்னால் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இறங்கும்போது முன்னால் வருவது தட்டையான அடிப்பக்கம்.

கூம்பை உருளையோடு நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். போத்தல் மிச்சத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வளையம் வெட்டி உருளையின் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க ஒட்டி, அதில் கூம்பைச் செருகுங்கள். கழற்ற முடிய வேண்டும். காரணம் பிறகு.

இறங்குகலம்

கீழ்ப்பகுதி எட்டுப் பக்கப் பெட்டி. 33 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மட்டைப் பட்டியை எட்டாக மடித்து ஒட்டினால் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அகல எண்கோணம் வரும். மேலும் கீழும் மட்டையால் மூடி, ரொபித் தாள்களைக் கசக்கி விரித்து ஒட்டுங்கள். மடிப்பில்லாமல் ஒட்டத் தேவையில்லை. உண்மையானதும் கசங்கியபடிதான் இருந்தது. அது தங்கமும் அல்ல. வெயிலின் வெப்பத்தைத் தெறிக்கவைக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம். அலுமினியம் பூசிய அந்தப் படலம் பார்வைக்குப் பொன்னிறமாகத் தெரியும்.

கால்களுக்கு மூன்று மூன்று ஈர்க்காகச் சேர்த்து நூலால் வரிந்து, 10 சென்ரிமீற்றர் நீளத்தில் நான்கு. நுனிகளில் மருந்துப் போத்தல் மூடிகள். சந்திரனின் தூசு நிலத்தில் புதையாமல் இருக்கத்தான் அகலப் பாதம். பெட்டியின் அடியில் நடுவாகப் பாணி மருந்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டினால் இறங்கு இயந்திரம். சேவைக் கலத்தின் இயந்திரத்தை நம்ப முடியாமல் போனபோது, முழுக் கலத்தையும் பூமியின் பக்கம் திருப்பிவிட்டது இந்தச் சின்ன இயந்திரம்தான்.

மேற்பகுதிக்குச் சவர்க்காரப் பெட்டிகள் மூன்றையும் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒட்டி, பத்திரிகைத் துண்டுகளை மாப்பசையில் நனைத்து மேலே பூசி, கோணல்மாணலாக வடிவமைக்கலாம். வடிவு பார்க்கத் தேவையில்லை. காற்றே இல்லாத இடத்தில் பறக்கும் கலத்துக்கு வழுவழுப்பான உடல் எதற்கு? முன்னால் இரண்டு முக்கோண யன்னல்கள். உள்ளே கதிரை கிடையாது. பாரத்தைக் குறைக்க அதையும் நீக்கியிருந்தார்கள், நின்றபடிதான் ஓட்டினார்கள். சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருந்தது. ஏறத்தாழ நாங்கள் வெட்டிய சோடாப் போத்தலின் தடிப்பு. பெறாமகன் வெட்டிய துண்டொன்றை விரலால் அமத்திப் பார்த்தான். “இதுக்குள்ளயோ நாலு நாள் இருந்தவை?”

கடைசியாக, மேற்பகுதியின் உச்சியில் போத்தல் மூடியைக் கவிழ்த்து, திறந்த பக்கம் மேலே இருக்க ஒட்டுங்கள். இப்போது கூம்பின் உச்சியில் உள்ள கழுத்தை இந்த மூடிக்குள் வைத்துத் திருகினால் இரண்டு கலங்களும் கொளுவிக்கொள்ளும். உண்மையில் அந்த இடத்தில் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அகலச் சுரங்க வழி இருந்தது. 43 ஆல் பிரித்தால் 2 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. போத்தல் கழுத்தின் உட்துளையும் ஏறத்தாழ அதே அளவு. அதற்குள்ளால்தான் மூவரும் தப்பிப் போனார்கள்.

சதுரப் பெட்டியும் வட்டத் துளையும்

கண்காட்சியில் கூட்டம் சேர்த்தது இந்தக் கதை.

மூடிய இடத்தில் மூன்று பேர் மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டே போகும். அதை உறிஞ்ச இலித்தியம் ஐதரொட்சைட்டு நிரப்பிய பெட்டிகள் இருந்தன. இறங்குகலத்தில் இருந்தவை இரண்டு பேருக்கு இரண்டு நாட்களுக்குத்தான் போதும். கைவிட்டு வந்த கட்டளைக் கலத்தில் வேண்டியளவு இருந்தன. ஆனால் அவை சதுரம். இறங்குகலத்தின் துளைகளோ வட்டம்.

பூமியில் எட் ஸ்மைலி என்ற பொறியியலாளரின் தலைமையில் ஒரு குழு, விண்கலத்துக்குள் என்ன என்ன கிடக்கிறது என்று பட்டியலைப் பார்த்து வேலை செய்தது. பிளாஸ்ரிக் பைகள், கையேட்டு மட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா. ஒரு துளையை அடைக்கக் காலுறை. சதுரப் பெட்டியைப் பைக்குள் இட்டு, காற்று இழுக்கும்போது பை உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் மட்டையை வளைவாக வைத்து, குழாயைச் செருகி, நாடாவால் சுற்றினார்கள். படம் அனுப்ப வழியில்லை. ஒவ்வொரு படியையும் வானொலியில் வாயால் சொல்ல, மேலே இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். மூச்சு மீண்டது.

இதைக் கேட்டுச் சிரித்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிப்பித்தார்கள். பெற்றோல் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். “நாசாவுக்கு எங்களைக் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில செய்து குடுத்திருப்பம்” என்றார்.

பகிடிதான். ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைச் சொல்லும்போது நாங்கள் இழப்புகளை மட்டும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதே காலத்தில் எங்கள் ஆட்கள் எப்படி யோசித்தார்கள், எதை எதாக மாற்றினார்கள் என்பதைச் சொல்ல மறந்துபோகிறோம். அதுவும் விஞ்ஞானம்தான். அதை யாரும் கண்காட்சிக்கு வைத்ததில்லை.

உடைந்த பக்கம்

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிரச்சினை வந்தது. வெடித்த இடத்தைக் காட்டுவதா, விடுவதா?

வெடித்தது ஏன் என்பதைச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். ஒட்சிசன் தாங்கிக்குள் இருந்த சூடாக்கியின் ஆளிகள் 28 வோல்ற்றுக்குச் செய்தவை. ஏவுதளத்துச் சோதனையில் 65 வோல்ற்று கொடுத்தார்கள். ஆளிகள் உருகி ஒட்டிக்கொண்டன. சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறியது. உள்ளே இருந்த வயர்களின் காப்புறை கருகியது. யாரும் கவனிக்கவில்லை. விண்வெளியில் தாங்கிக்குள் இருந்த விசிறியைப் போட்டபோது அந்த வயரில் பொறி பறந்தது. இரண்டு இலக்கங்கள் பொருந்தாமல் போனதன் விளைவு.

பெறாமகன் வெட்டவே வேண்டும் என்று நின்றான். உருளையின் சுற்றளவில் ஆறில் ஒன்று, 4.7 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பலகத்தைக் கீறினான். உள்ளே ஒட்சிசன் தாங்கியாகப் போளை ஒன்று. பக்கத்தில் மற்றத் தாங்கி இருந்த இடம் வெறுமை.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ரொக்கெட் என்ற சொல்லே அவருக்குச் சரிவராது. கிபிர் சத்தத்துக்கும், நாங்கள் ‘வண்டு’ என்று சொன்ன ஆளில்லா விமானத்தின் இரைச்சலுக்கும் பழகிய காது அது. இன்றும் வானத்தில் சத்தம் கேட்டால் முதலில் பிள்ளைகள் எங்கே என்றுதான் பார்ப்பார்.

“நல்ல வடிவாய் செய்துபோட்டு ஏன் உடைக்கிறியள்? உடைஞ்சதை ஆர் பாக்கப்போகினம்?”

பெறாமகன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். அவன் மிகச் சாதாரணமாகச் சொன்னான்: “உடைஞ்சதாலதான் அம்மம்மா அவையின்ர பேர் தெரியும். உடைஞ்சதைக் காட்டாட்டில் எப்பிடித் தப்பினவை எண்டு சொல்லேலாது.”

அம்மா சிறிது நேரம் நின்றார். பிறகு, “ஆக்கள் செத்துப்போச்சினமோ?” என்று கேட்டார். அதுவரை நாங்கள் முடிவைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“இல்லை. மூண்டு பேரும் வந்திட்டினம்.”

ஏப்ரல் 17 ஆம் திகதி. பூமிக்குக் கிட்ட வந்ததும் முதலில் சேவைக் கலத்தைக் கழற்றிவிட்டார்கள். அது விலகிப் போகும்போதுதான் ஒரு பக்கப் பலகம் முழுவதும் இல்லை என்பதைக் கண்ணால் கண்டார்கள். பிறகு மூவரும் கூம்புக்குள் மாறி, அத்தனை நாளும் உயிரைக் காத்த இறங்குகலத்தையும் கழற்றிவிட்டார்கள். அது வளிமண்டலத்தில் எரிந்தது. வெப்பக் கவசம் அதற்கு இல்லை. பசுபிக் சமுத்திரத்தில் பரசூட்டோடு இறங்கியது கூம்பு மட்டும்.

எங்கள் மாதிரி உருவை மூன்றாகக் கழற்றக்கூடியதாகச் செய்தது இதற்காகத்தான். பெறாமகன் கதையைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகக் கழற்றுவான். முடிவில் கையில் கூம்பு மட்டும் இருக்கும்.

முதன்முதலில் அவன் அதை வீட்டில் செய்து காட்டியபோது அம்மா ரொபித் தாள் சுற்றிய இறங்குகலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இருந்த வீட்டை விட்டிட்டோ வந்தவை?”

“வேற வழி இல்லை அம்மம்மா. அதைக் கொண்டு வரேலாது.”

“ஓம்” என்றார் அம்மா. “கொண்டு வரேலாதுதான்.”

இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்தது. கண்காட்சியில் பரிசு கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: மூன்றாம் இடம். முதலாமிடம் வெளிச்சம் எரிகிற எரிமலைக்கு. இப்போது அப்பலோ 13 எங்கள் விறாந்தையில் நூலில் தொங்குகிறது.

மேசையைக் கூட்டும்போது போத்தலின் அடிப்பகுதி மிஞ்சிக் கிடந்தது. எந்தப் பகுதிக்கும் அது தேவைப்படவில்லை. குப்பைக்குள் போடப் போனேன்.

“அதை எறியாதை பிள்ளை” என்று அம்மா வாங்கி, கழுவித் துடைத்து, கட்டிலுக்குக் கீழே குனிந்தார். இந்த முறை நான் சண்டை பிடிக்கவில்லை. உரப்பையின் வாயைப் பிடித்துக்கொடுத்தேன்.